கல்லுக்கு முன்னால் கையெழுத்து

இந்தியாவும் பாகிஸ்தானும் ராணுவம் நிறுத்தியிருக்கும் சியாச்சின் பனியாற்றுப் பகுதியில், படைகளை விலக்கிவிட்டு அமைதிப் பூங்கா அமைக்கலாமா கூடாதா என்ற பேச்சு இருபது வருஷத்துக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது. பெரிய பனிச்சரிவு வந்தால் கிளம்பும், எல்லையில் குண்டு வெடித்தால் அடங்கும். 2025இல் பஹல்காமுக்கும் மே மாதச் சண்டைக்கும் பிறகு அதை வாயில் எடுப்பதே தப்பு என்கிற மாதிரி ஆகிவிட்டது. இப்போதுதான் பேச வேண்டும் என்பது என் கட்சி. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்ளும் நாளில் இதை யார் வேண்டுமானாலும் பேசலாமே.

யோசனை புதிதல்ல. 2003இல் டர்பனில் நடந்த உலகப் பூங்காக்கள் மாநாட்டில், சியாச்சின் பகுதியை அமைதிப் பூங்காவாக்குங்கள் என்று இரண்டு நாடுகளையும் கேட்டுக்கொண்டார்கள். அதே வருஷம் நவம்பரில் போர்நிறுத்தம் வந்தது. 2005 ஜூனில் மன்மோகன் சிங் சியாச்சினுக்கே போய், இது அமைதி மலையாக வேண்டும் என்றார். இந்தியப் பிரதமர் ஒருவர் அங்கே போனது அதுதான் முதல் தடவை.

எதிர்ப்பவர்கள் கேட்பது ஒரே கேள்வி: "நம்ம பசங்க செத்த இடத்துல பார்க்கா?" கேட்டவுடன் நமக்கும் வாயடைத்துப் போகும், ஏனென்றால் அந்தப் பசங்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. 2016 பிப்ரவரி 3 அன்று, சுமார் 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் நிலையின் மேல் பனிச்சுவர் சரிந்து விழுந்தது. உள்ளே இருந்த பத்துப் பேரும் மெட்ராஸ் ரெஜிமெண்டின் 19வது பட்டாலியன். அதில் நாலு பேர் தமிழ்நாடு: வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்கள். ஆறு நாள் கழித்து கர்நாடகத்தின் ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள். நாடே பிரார்த்தித்தது. 11ஆம் தேதி அவரும் போய்விட்டார். மற்றவர்களின் உடல்களைக் கீழே கொண்டுவரக்கூட வானிலை பல நாள் விடவில்லை.

அந்தப் பத்துப் பேரையும் கொன்றது துப்பாக்கி இல்லை, பனி. 2012 ஏப்ரல் 7 அன்று பாகிஸ்தான் பக்கத்தில் அவர்களின் கயாரி ராணுவ முகாம் பனியில் புதைந்தபோது 140 பேர் போனார்கள். அதில் 11 பேர் ராணுவத்தில் இல்லாத சாதாரண ஆட்கள். அடுத்த சில நாட்களில் பாகிஸ்தான் ராணுவத் தளபதி கயானியே, இதைப் பேசித் தீர்க்க வேண்டும் என்றார். 1984இலிருந்து இரண்டு பக்கமும் எதிரியின் குண்டுக்குப் பலியானவர்களைவிடக் குளிருக்கும் உயரத்துக்கும் பலியானவர்கள்தான் அதிகம்.

மேலே இருப்பது எப்படி என்பதற்குச் சில வருஷம் முன்பு ஒரு வீடியோ சுற்றியது, பார்த்திருப்பீர்கள். ஜவான்கள் ஜூஸ் பெட்டியைக் கிழிக்கிறார்கள், உள்ளே செங்கல் மாதிரி ஒரு கட்டி. சுத்தியலால் அடித்தும் உடையவில்லை. முட்டையைத் தரையில் ஓங்கி எறிகிறார்கள், ஒன்றும் ஆகவில்லை. சிரித்துக்கொண்டேதான் காட்டினார்கள். ரோந்து போகும்போது ஒரே கயிற்றில் எல்லோரும் கட்டிக்கொண்டு நடக்க வேண்டும், பனிப்பிளவில் ஒருவன் விழுந்தால் மற்றவர்கள் இழுத்துப் பிடிக்க. கதகதப்புக்கு மண்ணெண்ணெய் அடுப்பு. அந்தக் கரிப்புகையைத்தான் ராத்திரி முழுக்கச் சுவாசிக்க வேண்டும்.

இதெல்லாம் தெரிந்தும், "உடனே இறங்கி வாருங்கள், பூங்கா கட்டுவோம்" என்று சொல்லும் அமைதி ஆர்வலர்களோடு என்னால் முழுசாக ஒத்துப்போக முடியவில்லை. நானும் அவர்கள் பக்கம்தான். ஆனால் ராணுவம் கேட்கும் ஒரு விஷயத்தை இவர்கள் காதில் போட்டுக்கொள்வதே இல்லை.

1949 கராச்சி ஒப்பந்தத்தில் போர்நிறுத்தக் கோட்டை என்ஜே 9842 என்ற புள்ளி வரைக்கும் வரைந்தார்கள். அதற்கு மேல் "அங்கிருந்து வடக்கே பனியாறுகள் வரை" என்று எழுதி முடித்துவிட்டார்கள். அங்கே எவன் போகப்போகிறான் என்ற நினைப்பு. 1972 சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு கட்டுப்பாட்டுக் கோடு வரைந்தபோதும் அந்த இடத்தை அப்படியே விட்டார்கள். பிறகு பாகிஸ்தான் அனுமதி கொடுத்து வெளிநாட்டு மலையேறிகள் அந்தப் பக்கமாக வர ஆரம்பித்தார்கள். நம் பக்கத்தில் கர்னல் நரேந்திர குமார் 1978இல் குழுவோடு ஏறிப்போய்ப் பார்த்தார். 1984 ஏப்ரல் 13 அன்று, அந்த உயரங்களைப் பிடிக்க நம் ராணுவம் நடத்திய ஆபரேஷன் மேக்தூத். நாம் முந்திக்கொண்டோம்.

இதில் நம்மில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. இரண்டு ராணுவமும் சியாச்சின் பனியாற்றின் மேல் எதிரும் புதிருமாக நிற்கவில்லை. பனியாறு முழுக்க நம் கையில் இருக்கிறது. நாம் நிற்பது அதற்கு மேற்கே சால்டோரோ மலைமுகட்டில், அவர்கள் அதற்கும் கீழே மேற்குச் சரிவில். இப்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்று வரைபடத்தில் குறித்துக் கையெழுத்துப் போடுங்கள், பிறகு இறங்குவோம் என்பதுதான் நம் ராணுவத்தின் பேச்சு. பாகிஸ்தானுக்கு அது கசக்கிறது. போட்டால், சியாச்சினில் நாங்கள் இல்லவே இல்லை என்று சொந்த ஜனங்களிடம் எழுத்தில் ஒப்புக்கொண்ட மாதிரி. போடாமல் நாம் இறங்கி, அடுத்த குளிர்காலத்தில் அவர்கள் ஏறிவிட்டால்? இது வீண் பயம் இல்லை. கார்கிலில் 1999இல் நடந்தது அதுதானே. பனிக்காலத்தில் ஆளில்லாமல் விட்ட உச்சிகளைத் திரும்ப எடுக்க எத்தனை உயிர் போயிற்று!

ஊரில் பங்காளிகள் நிலத்தகராறில் சர்வேயர் வந்து கல் நடுவதற்கு முன்னால், சமாதானத்துக்கு என்று வரப்பின் மேல் ஒரு பிள்ளையார் கோயிலைக் கட்டிப் பாருங்கள். அடுத்த வழக்கே அந்தக் கோயிலால்தான் வரும்.

ஆனால் "அவன் கையெழுத்துப் போட மாட்டான்" என்று ஒரேயடியாகச் சொல்பவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. 2006இல் வெளியுறவுச் செயலராக இருந்த ஷியாம் சரண் பின்னால் எழுதியிருக்கிறார்: நிலைகளின் பட்டியலை ஒப்பந்தத்தோடு இணைப்பாக வைத்து, அதற்கும் ஒப்பந்தத்துக்கு உள்ள அதே சட்ட வலு உண்டு என்று எழுத பாகிஸ்தான் சம்மதிக்கும் நிலைக்கு வந்தது, கடைசிக் கட்டத்தில் தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் எம்.கே. நாராயணனும் தளபதி ஜே.ஜே. சிங்கும் எதிர்த்ததால் நின்றுபோனது. இது அவர் தரப்புக் கதை, மறுதரப்புக்கு அதன் நியாயம் இருக்கும். இருந்தாலும் அந்தக் காகிதம் ஏதோ ஒரு அலமாரியில் இருக்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயம். நாம் கேட்க வேண்டியது அந்தக் காகிதத்தை. பூங்காவின் நுழைவாயிலுக்கு டிசைன் போடுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லையில் சமாதானச் சின்னம் வைத்தவர்களின் அனுபவம் என்ன? அர்ஜென்டினாவும் சிலியும் ஆண்டிஸ் மலைக்கணவாயில் 1904இல் ஒரு பெரிய கிறிஸ்து சிலையை நிறுத்தின. பழைய பீரங்கிகளை உருக்கி வார்த்த வெண்கலம். அழகான கதை, எல்லோரும் அதோடு நிறுத்திக்கொள்வார்கள். அதற்கு முன்னால் 1902 மே மாதம் ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின, அதே வருஷம் பிரிட்டிஷ் மன்னர் நடுவராக இருந்து எல்லையைப் பிரித்துக் கொடுத்தார். சிலை வந்தது அதற்கப்புறம்தான். இன்னொன்று: தெற்கே பீகிள் கால்வாயில் மூன்று தீவுகளின் தகராறு தீராமலே கிடந்தது. 1978 டிசம்பரில் அதற்காக இரண்டு நாடும் போரின் விளிம்பு வரை போயின. கணவாயில் சிலை அப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தது. போப் ஆள் அனுப்பி, 1984இல் உடன்படிக்கை ஆன பிறகே அந்தச் சண்டை அடங்கியது.

இதைவிட நமக்குக் கிட்டத்து உதாரணம் பெருவும் எக்வடாரும். கொண்டோர் மலைத்தொடரில், 1995இல் செனேபா நதியின் தலைப்பகுதிக்காகச் சண்டை போட்டார்கள். 1998 அக்டோபரில் ஒப்பந்தம். எல்லைக்கோடு பெரும்பாலும் பெரு சொன்னபடியே போயிற்று. ஆனால் எக்வடார் வீரர்கள் விடாமல் நின்று போராடிய திவின்சாவில் ஒரே ஒரு சதுர கிலோமீட்டரை எக்வடாருக்கு எழுதிக் கொடுத்தார்கள். மண் பெருவின் மண், சட்டம் பெருவின் சட்டம், சொத்து மட்டும் எக்வடாருக்கு. தங்கள் வீரர்களுக்கு அங்கே போய் அஞ்சலி செலுத்தலாம், போலீசும் ராணுவமும் மட்டும் வைக்கக்கூடாது. இந்த ஏற்பாட்டை யோசித்தவன் மூளைக்கு ஒரு கும்பிடு. பெருவில் இக்விடோஸ் நகரத்தில் ஒப்பந்தத்தை எதிர்த்துக் கலவரமே நடந்தது. இருந்தும் நின்றது, ஏனென்றால் கோடு தெளிவாக இருந்தது.

அங்கேயும் ஒரு கறை உண்டு. இரு பக்கமும் இயற்கைக் காப்பகம் என்றார்கள். அந்தக் காட்டில் காலங்காலமாக இருக்கும் அவஹூன் பழங்குடி மக்களிடம் பெரு அரசு பேசியிருந்த பரப்பில், பாதியைச் சற்றே தாண்டிய அளவுக்குத்தான் 2007இல் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். விட்டுப்போன இடத்தில் தங்கச் சுரங்கத்துக்கு வழி பிறந்தது. எல்லை அமைதி என்று தலைநகரங்களில் பேசும்போது எல்லையில் குடியிருப்பவர்களைக் கூப்பிடுவதில்லை, அந்த ஊரிலும் சரி, இந்த ஊரிலும் சரி. சியாச்சின் விவாதத்தில், பனியாற்றுக்குக் கீழே லடாக்கில் இருக்கும் நுப்ரா பள்ளத்தாக்குக்காரர்களின் குரலை எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? ராணுவத்தின் மூட்டைகளை முதுகில் தூக்கிப் பனியாற்றில் ஏறுபவர்கள் அங்கத்து லடாக்கிக் கூலிகள். பனியாற்றிலிருந்து வரும் நுப்ரா நதிதான் அவர்களுக்குத் தண்ணீர். நாற்பது வருஷக் குப்பை, டின், மலம், மண்ணெண்ணெய் எல்லாம் பனிப்பிளவுக்குள் போயிருக்கிறது. பனி உருகினால் அது எங்கே வரும் என்று அவர்களுக்குத் தெரியும்.

ராணுவமே இதை உணர்ந்திருக்கிறது. 2018இலிருந்து ஒன்றரை வருஷத்துக்குள் 130 டன்னுக்கு மேல் கழிவைக் கீழே இறக்கியதாக அறிவித்தார்கள். இந்த வேலைக்கு இஸ்லாமாபாத்தின் கையெழுத்து தேவையில்லை, யாரும் ஒரு அடி பின்வாங்கவும் வேண்டாம். கையெழுத்து வரும்வரை அமைதிக்காக ஏதாவது செய்தே தீர வேண்டும் என்று துடிப்பவர்கள், இதற்கு இன்னும் ஆளும் பணமும் ஒதுக்கச் சொல்லி உங்கள் எம்.பி.க்கு எழுதுங்கள். சுமப்பவர்களுக்குக் கூலியும் காப்பீடும் சரியாகப் போகிறதா என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள்.