பீட்டா 300 வாங்கலாமா? முதல்ல ஸ்பேர் பாகத்துக்குப் பணம் எடுத்து வைங்க

தோட்டமும் மேட்டாங்காடும் சொந்தமா இருக்கற நம்ம பசங்க நிறையப் பேருக்கு இப்ப டூ ஸ்ட்ரோக் எண்டியூரோ வண்டி, அதாவது காடு மேடு கல்லுல ஓட்டற பைக் மேல ஆசை வந்திருக்கு. கேடிஎம் 300 எல்லாருக்கும் தெரிஞ்ச பேரு. "பீட்டா எப்படிங்க, எடுக்கலாமா?"ன்னு கேக்கறவங்களும் இருக்காங்க. வண்டி அருமையானது. ஆனா வண்டி விலை போக, பாகத்துக்குன்னு தனியா ஒரு தொகை கையில இருந்தா மட்டும் எடுங்க. கையில இருக்கறதை எல்லாம் வழிச்சுப் போட்டு வாங்கறதா இருந்தா வேண்டவே வேண்டாம்.

பீட்டா இத்தாலில ஃப்ளாரன்ஸ் பக்கத்துல இருக்கற கம்பெனி. 1905ல சைக்கிள் செய்ய ஆரம்பிச்சவங்க. ஒரு காலத்துல ஃபோர் ஸ்ட்ரோக் எண்டியூரோவுக்கு கேடிஎம் இன்ஜினைத்தான் வாங்கிப் போட்டாங்க. 2013 மாடல்ல இருந்து 250, 300 டூ ஸ்ட்ரோக் இன்ஜின் அவங்க சொந்தமாப் பண்ணது. 2020 மாடல்ல 300க்கு போர் (சிலிண்டர் விட்டம்) 72 மி.மீ.ல இருந்து 73 ஆச்சு, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கற தூரம்) 72ல இருந்து 69.9 ஆச்சு, கூடவே அதிர்வைக் குறைக்கற பேலன்சர் ஷாஃப்ட்டும் வந்துச்சு. கல்லுக்காட்டுல நாள் முழுக்க ஓட்டறவங்க கைக்கு அந்த ஷாஃப்ட் பெரிய நிம்மதி. பழைய மாடலா, 2020ல இருந்து வந்த மாடலாங்கறதை விலை பேசறதுக்கு முன்னாடியே கேட்டுக்கங்க. ரெண்டுக்கும் பிஸ்டனே வேற.

கேடிஎம் 2018 மாடல்ல கம்ப்யூட்டர் பெட்ரோலை அளந்து விடற இன்ஜெக்‌ஷனுக்குப் போனப்பவும் பீட்டா பழைய கார்புரேட்டரை விடல. நம்ம ஊருக்கு இது நல்லது. ஆர்எக்ஸ் 100 பார்த்த கை எதுவும் கெய்ஹின் கார்புரேட்டரைப் பிரிச்சுப் போட்டுரும், லேப்டாப் தேவையில்லை. ஆனா வண்டியோட வந்த ஜெட்டை (கார்புரேட்டர்ல பெட்ரோலை அளந்து விடற சின்ன ஓட்டை போட்ட திருகு) அப்படியே நம்பாதீங்க. நம்ம பெட்ரோல்ல 20 சதவீதம் எத்தனால். அதே ஜெட்ல அது லீனா, அதாவது காத்துக்கு ஏத்த பெட்ரோல் இல்லாம ஓடும், லீனா ஓடுனா சூடாகி பிஸ்டன் பிடிக்கும். அதே வண்டி வால்பாறை உசரத்துக்குப் போனா காத்து மெலிசாகி ரிச் ஆகும், அதாவது பெட்ரோல் கூடிரும். அதனால மெயின் ஜெட்ல ரெண்டு சைஸ் மேல, ரெண்டு சைஸ் கீழ, பைலட்ல 40, 42, 45ன்னு ஒரு டப்பாவுல வெச்சுக்கங்க. பெரிய ஜெட்ல ஆரம்பிச்சு, பிளக் நிறத்தைப் பார்த்து ஒவ்வொண்ணா இறங்கி வாங்க. ரிச்சா இருந்தா பிளக் கறுத்து வண்டி இழுக்காது, அவ்வளவுதான். லீனா இருந்தா சிலிண்டரே போகும். ரெண்டு வாரம் வண்டி நிக்கப் போகுதுன்னா கார்புரேட்டர் அடியில பெட்ரோல் நிக்கற ஃப்ளோட் பவுலைக் காலி பண்ணி வைங்க.

இனி நம்ம ஆளுங்க தவறு பண்ற இடம். ஆர்எக்ஸ் 100 சிலிண்டர் வார்ப்பிரும்பு லைனர். தேஞ்சா கோவை கணபதி ஏரியாவுல ஒரு பட்டறையில கொடுத்து, 0.25, 0.50ன்னு போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டுக்கலாம். பீட்டாவுல அது நடக்காது. அலுமினிய சிலிண்டர், உள்ளே நிக்கல்-சிலிக்கான் கார்பைடு பூச்சு. மயிரிழை கனம்தான் இருக்கும். போரிங் மெஷின்ல ஏத்துனா பூச்சு போயிரும், அப்புறம் திரும்பப் பூசணும், இல்லை புது சிலிண்டர். லேத்துக்காரர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும் இதை முதல்லயே சொல்லிருங்க.

அந்தப் பூச்சைத் தின்னறது செம்மண் புழுதி. பல்லடம், தாராபுரம் பக்கம் கோடையில ஓட்டுனா ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஃபில்டரைக் கழட்டியாகணும். பெட்ரோல்ல கழுவாதீங்க, ஃபோம் ஒட்டுன பசை விட்டுரும். ஃபில்டர் கிளீனர் இருந்தா அது, இல்லைன்னா மண்ணெண்ணெய், அப்புறம் சோப்புத் தண்ணி. பிழியும்போது முறுக்காம உள்ளங்கையில வெச்சு அமுக்குங்க. நல்லாக் காஞ்ச பிறகு ஃபில்டர் ஆயில், விளிம்புல சுத்தி கிரீஸ். மாட்டறதுக்கு முன்னாடி ஒரு வெள்ளைத் துணியால ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவுல இருக்கற ரப்பர் குழாயோட உள்பக்கம் துடைச்சுப் பாருங்க. துணியில செகப்பு வந்துச்சுன்னா மண்ணு உள்ள போய்க்கிட்டிருக்கு.

பாகப் பெட்டியில என்ன இருக்கணும்? ரிங்கோட ரெண்டு பிஸ்டன் கிட், சர்க்ளிப், சின்ன முனை பேரிங், மேல் கேஸ்கட் செட், கிராங்க் ஆயில் சீல் ரெண்டு பக்கமும், ரீட், வாட்டர் பம்ப் சீல், கிளட்ச் பிளேட் ஒரு செட், கிளட்ச் லீவர். பொழுதுபோக்கா ஓட்டறவங்களுக்கு 80ல இருந்து 100 மணி நேரத்துல பிஸ்டன் மாத்தற கணக்கு வெச்சுக்கங்க, இன்ஜின் ஓடுன மணி நேரத்தைக் காட்டற மீட்டர் இல்லைன்னா ஒண்ணு வாங்கி ஒட்டுங்க. பழைய சர்க்ளிப்பைத் திரும்பப் போடவே கூடாது. பேரிங்குக்குப் பயம் வேண்டாம், மேல பொறிச்சிருக்கற நம்பரைக் காட்டுனா கோவை பேரிங் கடைகள்ல பெரும்பாலும் கிடைச்சுரும். பிஸ்டன், பவர் வால்வு பாகமெல்லாம் வெளியூர்ல இருந்துதான் வரணும். "கேடிஎம்னா ஷோரூம் இருக்கே"ன்னு சொல்றவங்களுக்கும் ஒண்ணு: ரோட்டு வண்டி டியூக்குக்கு வர்ற பாகம் வேற, எண்டியூரோ வண்டி 300 ஈஎக்ஸ்சி பாகம் வேற.

இந்த வண்டிக்கு இங்க ஆர்சி கிடையாது. ரோட்டுல ஓட்டக் கூடாது, ரிசர்வ் காட்டுக்குள்ள கொண்டுபோகவே கூடாது. சொந்த நிலம், அனுமதி வாங்குன எஸ்டேட், டிராக், அவ்வளவுதான். அந்த இடம் வரைக்கும் சின்ன யானை வண்டியில ஏத்திட்டுப் போகணும். ரோட்டுலயும் ஓட்டணும்னா ஹீரோ எக்ஸ்பல்ஸ் வாங்குங்க, மனசு நிம்மதியா இருக்கும்.

பழசு வாங்கறவங்க சுங்கத்துல வரி கட்டுன பில் ஆஃப் என்ட்ரியைக் கேளுங்க. சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் ரெண்டும் ஒத்துப்போகணும். காகிதம் இல்லைன்னா பாதி விலைக்கும் வேண்டாம். அப்புறம் சைலன்சர் ஸ்பிரிங்கைக் கழட்டி, எக்ஸ்பான்ஷன் பைப்பை இறக்கி, எக்ஸாஸ்ட் போர்ட் வழியா டார்ச் அடிச்சு பிஸ்டனைப் பாருங்க. நெட்டுக்குக் கோடு விழுந்திருந்தா சிலிண்டருக்கும் சேர்த்து விலையைக் குறைங்க. ஸ்டார்ட் பண்ணி முறுக்கி விட்டதும் ஆர்பிஎம் இறங்காம தொங்குச்சுன்னா மேக்னட் பக்கச் சீல்ல காத்து இழுக்குதான்னு பாருங்க. வெள்ளைப் புகை தள்ளி கியர் ஆயில் குறைஞ்சுக்கிட்டே வந்தா கிளட்ச் பக்கச் சீல். சீல் விலை கம்மிதான். ஆனா சீல் போன வண்டியை எத்தனை நாள் அப்படியே ஓட்டுனாங்கங்கறதை கிராங்க்தான் சொல்லும். அதனால சிலிண்டரைக் கழட்டி, கனெக்டிங் ராடைப் பிடிச்சு மேல கீழ ஆட்டிப் பார்க்க விடற ஆளுகிட்ட மட்டும் வாங்குங்க. பக்கவாட்டுல கொஞ்சம் ஆட்டம் இருக்கலாம், மேல கீழ துளிகூட இருக்கக் கூடாது.