மலை ஏறக்கூடாதாமாங்க

பொறுத்துப் பொறுத்துப் பாத்துட்டேன். எழுதாம இருந்தா இன்னைக்கும் தூக்கம் வராது.

அம்மா போட்டோவுக்குக் கீழ நடந்த கூத்தை நீங்களே பாத்திருப்பீங்க. ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்கே அனுப்பி வெச்ச புண்ணியவான்களும் இந்த லிஸ்ட்ல இருக்கீங்க, நன்றி. அதனால முதல்ல இருந்து கதை சொல்லப் போறதில்ல. அப்பா தவறி வருஷம் திரும்பல, அம்மாவைக் கார்ல வால்பாறைக்குக் கூட்டிட்டுப் போயி எடுத்த போட்டோ அது. அதுக்குக் கீழ சித்தப்பா போட்ட கமெண்ட் இது: "வருஷம் திரும்பறதுக்குள்ள மலை ஏறி, பச்சைப் பட்டு கட்டி, சிரிச்சுக்கிட்டு போட்டோ. அண்ணன் ஆத்மா எப்படி சாந்தியடையும்?" கூடவே கும்பிடு போடற கை வரிசையா. இதுக்கு லைக் போட்டவங்கள்ல பாதிப் பேர் எங்கப்பா இழவு வீட்டுல காபி குடிச்சிட்டுப் போனவங்க.

முதல்ல அது பட்டு இல்ல. பூனம் சேலை. துவைச்சுத் துவைச்சு கரை வெளுத்துப் போன பூனம் சேலை.

ரெண்டாவது, நல்லாக் கேட்டுக்கங்க. எங்கம்மா ஊர் சுத்தறதுக்குப் போகல. புருஷனுக்காக அழறதுக்குப் போனாங்க. வீட்டுல அதுக்கு யாரும் விடல.

விடலைன்னா என்னன்னு கேப்பீங்க. பதினாறு வரைக்கும் வீடு நெறைய ஒறம்பரை. அம்மா வாயைத் தொறந்தா போதும், "அழுகாத, பிரஷர் ஏறிக்கும்", "உனக்கு மட்டுமா, ஊர்ல எத்தனை பேருக்கு", "படுக்கையில கெடந்து சீப்படாம போனாரே, நல்ல சாவு". பதினாறு முடிஞ்ச மறுநாள் வாசல்ல செருப்பே இல்ல. அதுக்கப்புறம் வந்த போனெல்லாம் டெத் சர்டிபிகேட் வாங்கியாச்சா, குடும்ப பென்ஷனுக்கு எழுதிக் கொடுத்தாச்சா, வாரிசு சான்றிதழ்ல யார் யார் பேரு வருதுன்னுதான். அந்த மனுஷன் எப்படி இருப்பாரு, எதுக்குச் சிரிப்பாரு, எதுக்குக் கோவிச்சுக்குவாருன்னு அம்மாகிட்ட ஒருத்தர் கேட்டதில்ல. ஒரே வீட்டுல இருந்த நானும் அம்மாவும்கூடப் பேசினது கேஸ் புக் பண்ணியா, மாத்திரை போட்டியா, மோட்டார் நிறுத்தினியா, அவ்வளவுதான். அவங்க அழுதா நான் உடைஞ்சிருவேன்னு அவங்க அடக்க, நான் அழுதா அவங்க உடைஞ்சிருவாங்கன்னு நான் அடக்க.

அப்பா பொள்ளாச்சி வால்பாறை லைன் டிரைவர்ங்கறது உங்கள்ல பல பேருக்குத் தெரியும். சேரன்ல சேந்தவரு. 1972ல ஆரம்பிச்ச கார்ப்பரேஷன். 1997ல சேரன், பாண்டியன், சோழன்னு எல்லாப் பேரையும் எடுத்துட்டு அரசுப் போக்குவரத்துக் கழகம்னு ஒரே பேரா ஆக்கினாங்க. ஆனா அவரு சாகற வரைக்கும் எங்க வீட்டுல அது சேரன்தான். 64 கிலோமீட்டர், ஆழியாறு தாண்டினா 40 கொண்டை ஊசி வளைவு. ஏறி எறங்கி ஏறி எறங்கி ஒரு ஆயுசு. அந்த மலைக்கு எங்கம்மா ஒரு தடவைகூடப் போனதில்ல. பஸ் ஏறினா வாந்தி. "உன்னையக் கூட்டிட்டுப் போனா நான் ரோட்டைப் பாப்பனா, உன்னையப் பாப்பனா"ன்னு அப்பா விட்டுட்டாரு. அதனால சோறு திங்கறப்ப வாயாலேயே கூட்டிட்டுப் போவாரு. இன்னைக்கு அட்டகட்டில மரம் சாஞ்சிருச்சு, கவர்க்கல்ல பனி, முன்னாடி போற வண்டி தெரியல, ரொட்டிக்கடைல ஒரு பாட்டி கோழியோட ஏறிருச்சு, இப்படி.

போகணும்னு கேட்டது அம்மா. நான் இழுத்துட்டுப் போகல. "அந்த ரோட்ட ஒருக்கா பாத்துட்டு வந்தரலாமா கண்ணு"ன்னாங்க. கேட்டப்புறம் நாள் நட்சத்திரம் பாத்துட்டு இருக்க எனக்கு மனசு வரல.

இ-பாஸ் போட்டு, ஆழியாறு செக்போஸ்ட் தாண்டினதுல இருந்து அம்மாவுக்கு ஒரு கையில எலுமிச்சம்பழம், இன்னொரு கை டேஷ்போர்டுல. ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லாத பொம்பளை எனக்கு டிரைவிங் சொல்லித் தந்தாங்க. "செகண்டுல போடு." "வளைவுக்கு முந்தி ஆரன் அடி, வளைவுல அடிச்சு என்னத்துக்கு." "ஏறி வர்ற வண்டிக்குத்தான் எறங்கறவன் வழி உடோணும், நீ எதுக்கு ஒதுங்கற?" "எறங்கறப்பவும் இதே கியர்தான், பிரேக்க நம்பாத." எல்லாம் அப்பா பேச்சு. அதே இழுவை, அதே எரிச்சல். லைசென்ஸ் எடுத்த காலத்துல அப்பாகிட்ட நான் இவ்வளவு திட்டு வாங்கினதில்ல.

ஒன்பதாவது வளைவு வர்றதுக்குள்ள அம்மா தாங்கல. வண்டிய ஓரங்கட்டி, தண்ணி கொடுத்து, முதுகைத் தடவி, எல்லாம் ஆச்சு. நிமிந்து பாத்தா 9/40ன்னு போர்டு. கீழ ஆழியாறு டேம் விரிஞ்சு கெடக்குது. அம்மா வாயைத் துடைச்சுட்டு, "வாந்திக்காரங்களுக்கு எப்பவும் ஒன்பதாவதுல நிறுத்துவேம்பாரு உங்கப்பாரு, எனக்கும் இங்கதான் நிறுத்தியிருக்காரு பாரு"ன்னு சொல்லிட்டுச் சிரிச்ச சிரிப்புதான் அந்தப் போட்டோ.

உல்லாசம்னு எழுதினாங்க இல்ல? வாந்தி எடுத்துட்டு நின்ன பொம்பளைங்க அது.

மேல போகப் போகப் பேச்சு வந்துச்சு. எனக்குத் தெரியவே தெரியாத பேச்சு. நான் சின்னப் பிள்ளையா இருக்கறப்ப அப்பாவுக்கு டவுன் பஸ் தர்றேன்னு டிப்போல சொல்லியிருக்காங்க. சாயந்தரம் வீட்டுக்கு வந்துடற வேலை. வேண்டாம்னுட்டாரு. அந்தக் கோபத்துல அம்மா பல நாள் அவருகிட்டப் பேசல. தட்டு வெப்பாங்க, சோறு போடுவாங்க, பேச்சில்ல. "என்னைய விட இந்த மலைதான் பெருசாப் போச்சான்னு நெனச்சங் கண்ணு. இப்ப இங்க வந்து பாத்தாத்தான் தெரியுது. நானா இருந்தாலும் டவுன் பஸ் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்." எத்தனை வருஷத்துக் கோபம் அது! அதை எறக்கி வெக்க எடம் வேணும் இல்ல? நடுவீட்டுல, சித்தப்பா சித்தி முன்னாடி, செத்த புருஷன் மேல எனக்கு ஒரு கோபம் இருந்துச்சுன்னு சொல்ல முடியுமா? கார்ல ரெண்டு பேருக்கும் கண்ணு ரோட்டுல இருக்கும். மூஞ்சி பாக்க வேண்டியதில்ல. அதனால வாய் வருது.

கவர்க்கல் பக்கம் அப்பா சொன்ன மாதிரியே பனி. ஹசார்டு லைட் போட்டு ஓரமா நிறுத்தினேன். அங்க வெச்சுத்தான் அம்மா அழுதாங்க. சேலைத் தலைப்பை வாயில வெக்காம, சத்தமா. நான் எதுவும் சொல்லல. ஒரு சேரன் பஸ் ஆரன் அடிச்சுட்டு மெதுவாத் தாண்டிப் போச்சு. போதும். அதுக்கு மேல இங்க எழுத எனக்கு இஷ்டமில்ல.

இப்ப கேள்விகளுக்கு வர்றேன்.

"சம்பிரதாயம்னு ஒண்ணு இருக்குல்ல?" இருக்குங்க. சாவு விழுந்த வீட்டுல வருஷம் திரும்பற வரைக்கும் மலைக்கோயிலுக்குப் போக மாட்டாங்க. பழனிக்கு நான் போகல, மருதமலைக்குப் போகல. வால்பாறைக்குப் போனேன். அங்க டிப்போ இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு, ஸ்கூல் இருக்கு, எஸ்டேட் எஸ்டேட்டா ஜனங்க இருக்காங்க. மலையே ஆகாதுன்னா, வால்பாறைக்காரங்க வீட்டுல சாவு விழுந்தா ஒரு வருஷத்துக்குப் பொள்ளாச்சில ரூம் எடுத்துத் தங்கிக்கணுமா? தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன்.

"பொம்பளைப் புள்ள ஓட்டற கார்ல அந்த ரோட்டுல போகலாமா?" பத்திரமாப் போயிட்டு வந்தோம். வழியில வரையாடு பாத்தோம். விழுந்து கெடந்த கார் எதையும் பாக்கல. ஒருவேளை அன்னைக்கு ஆம்பளைங்க யாரும் வண்டி எடுக்கலையோ என்னமோ.

"துக்கத்தையும் கன்டென்ட் ஆக்கிட்டீங்களே"ன்னு ஒரு முற்போக்குத் தோழர். என் பக்கம், என் அம்மா, அவங்க போடச் சொன்ன போட்டோ. அடுத்தது.

"அம்மா பொட்டு வெச்சிருக்காங்களே." ஆமா. ஸ்டிக்கர் பொட்டு. நான்தான் ஒட்டி விட்டேன். இன்பாக்ஸ்ல வந்து கேட்டவங்களுக்கும் சேத்தே சொல்றேன், நாளைக்கும் ஒட்டி விடுவேன். 2022ல மகாராஷ்டிராவுல ஹேர்வாட்னு ஒரு கிராமம். கோலாப்பூர் மாவட்டம். புருஷன் செத்தா வளையல் உடைக்கறது, குங்குமம் அழிக்கறது எதுவும் எங்க ஊர்ல கூடாதுன்னு கிராமத்துலயே தீர்மானம் போட்டாங்க. அது எங்கயோ வடக்கன்னு சொல்வீங்க. சரி, நம்ம ஈரோட்டுக்கே வாங்க. நம்பியூர் பக்கம் ஒரு கோயில்ல, பூசாரியா இருந்தவரோட மனைவியவே, புருஷன் இல்லாதவ உள்ள வரக்கூடாதுன்னாங்க. அந்தம்மா சென்னை உயர் நீதிமன்றம் வரைக்கும் போனாங்க. விதவை வந்தா கோயில் தீட்டாயிரும்ங்கற மூடநம்பிக்கையெல்லாம் இன்னமும் நடக்கக் கூடாதுன்னு 2023ல நீதிபதி சொன்னாரு. ஒரு பொம்பளை சாமி கும்பிடறதுக்கு ஹைகோர்ட் போக வேண்டியிருக்கு. என் அம்மா கார்ல உக்காந்ததுக்கு நான் எந்தக் கோர்ட்டுக்குப் போகணும்?

இன்னொண்ணும் யோசிச்சுப் பாத்தேன். அம்மா போயி அப்பா இருந்து, நான் அப்பாவைக் கூட்டிட்டு அதே வளைவுல நின்னு போட்டோ போட்டிருந்தா என்ன வந்திருக்கும்? "பாவம் மனுஷன், மனசு மாறட்டும்." "நல்ல பொண்ணு பெத்தாரு." இதே சித்தப்பா ஆர்ட்டின் போட்டிருப்பாரு. நம்ம சொந்தத்துலயே சம்சாரம் தவறி வருஷம் திரும்பாத ஒருத்தருக்கு, ஆம்பளை தனியா என்ன பண்ணுவாருன்னு பொண்ணு பாக்கப் போனது யாருன்னு எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். அப்ப எந்த ஆத்மா சாந்தியைப் பத்தியும் யாரும் கவலைப்படல.

சித்தப்பா, நீங்க இதைப் படிப்பீங்கன்னு தெரியும். பேர் சொல்லாம எழுதறது உங்களுக்காக இல்ல, எங்கப்பாவுக்காக.

கொள்ளி வெக்க உங்க பையன்தான் வந்தான். நான் ஒத்தப் பொண்ணு, அங்கயேதான் நின்னேன். "நான் வெக்கறேன்"னு சொன்னேன். "பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்றதா, ஊரு சிரிக்கும்"னீங்க. அம்மா என் கையைப் புடிச்சு அமுக்கினாங்க, நான் வாயை மூடிக்கிட்டேன். தெரு முக்கோட நிறுத்திட்டீங்க. எங்கப்பா எரிஞ்சதை நான் பாக்கல. உங்க பையன் பாத்தான், அப்பாவோட ஒரு தடவை முழுசாப் பேசியிருப்பானாங்கறதே சந்தேகம். அப்ப நான் ஏதாவது எழுதினேனா? உங்க பக்கத்துல வந்து எங்கயாவது கமெண்ட் போட்டேனா?

எனக்கும் அழறதுக்கு ஒரு எடம் வேணும். தெரு முக்குல நிறுத்தினீங்க, நான் மலைக்குப் போயிட்டேன்.

எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்தக் கமெண்ட்டை நான் அழிக்கல. கெடக்கட்டும். திதிக்கு முறையா வந்து சொல்லுவோம், வாங்க, எலை போட்டுப் பரிமாறுவேன். ஆனா எங்கம்மா என்ன கலர் கட்டணும், எங்க போகணும், எப்பச் சிரிக்கணும்னு எங்க வீட்டு வாசல்ல நின்னு யாரும் சொல்ல வேண்டாம்.

அம்மாகிட்ட இதை மறைக்கலாம்னுதான் பாத்தேன். பக்கத்து வீட்டக்கா போனைக் கொண்டாந்து காட்டிருச்சு. கண்ணாடி போட்டு நிதானமாப் படிச்சாங்க. "கொழுந்தனாருக்கு வேற வேலை இல்லையாட்ட இருக்குது"ன்னாங்க. சித்த நேரம் கழிச்சு, "வால்பாறை தாண்டி ஒரு ரோடு போச்சே, அது எங்க கண்ணு போவுது?"ன்னு கேட்டாங்க. சோலையாறு டேம், மளுக்கப்பாறை, அதிரப்பள்ளி, அப்படியே சாலக்குடின்னேன். அப்பா அந்தப் பக்கம் ஓட்டினதில்ல. அம்மாவுக்கும் அந்த ரோட்டுக் கதை எதுவும் தெரியாது. டிசம்பர்ல லீவு கேட்டிருக்கேன். எலுமிச்சம்பழம் ரெண்டு சேத்து எடுத்துக்கணும்.

போட்டோ வரும். லைக் போட்டவங்க எல்லாரும் மறக்காம வந்து பாருங்க.