ப்ராட்சர்ச் மேல் எனக்குள்ள பிரியமும் கோபமும்

(கொலையாளி யாரென்று தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முழுக்க ஸ்பாய்லர்.)

2013-ல் பிரிட்டிஷ் சேனலான ஐடிவியில் வந்த 'ப்ராட்சர்ச்' முதல் சீசனை யார் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்வேன். இங்கிலாந்தில் கடலோரமாக ஒரு சின்ன ஊர். டேனி என்ற 11 வயதுப் பையன் செங்குத்துப் பாறையின் அடியில் பிணமாகக் கிடக்கிறான். எட்டு எபிசோடுக்கும் இந்த ஒரே கொலைதான். அடுத்தடுத்துப் பிணங்களை விழவைத்து நம்மை உட்காரவைக்கும் வேலையே கிடையாது.

டேனியின் அம்மா பெத் டிராஃபிக்கில் சிக்கியிருக்கிறாள். கடற்கரையில் போலீஸ் நிற்பது தெரிந்ததும் காரை விட்டுவிட்டு ஓடுகிறாள். உடலைத் துணி போட்டு மூடியிருக்கிறார்கள், வெளியே தெரிவது ஷூ மட்டும். மகனின் ஷூ அம்மாவுக்குத் தெரியாதா? அந்த ஓட்டத்தையும் அலறலையும் பார்த்தபிறகு, 'கொன்றது யார்' என்பதைவிட 'இந்தக் குடும்பம் இனி எப்படி வாழும்' என்பதே என் கேள்வியாகிவிட்டது. பேப்பர் கடைக்காரர் ஜாக்கின் கதையும் அப்படித்தான். பழைய வழக்கைத் தோண்டிப் பத்திரிகைகள் எழுத, ஊர் அவரைச் சந்தேகிக்க, குற்றமே செய்யாத மனுஷன் உயிரை விடுகிறார். கடைசியில் கொலையாளி தன் கணவன் ஜோதான் என்று, வழக்கை விசாரிக்கும் போலீஸ்காரி எல்லிக்குத் தெரியவரும் காட்சியில் ஒலிவியா கோல்மன் நடித்திருப்பதை எத்தனை முறை பார்த்தாலும் தொண்டை அடைக்கிறது.

2015-ல் வந்த இரண்டாவது சீசன்தான் என்னைக் கொதிக்க வைத்தது.

ஜோ கோர்ட்டில் ஏறி 'நான் குற்றவாளி இல்லை' என்கிறான். நல்ல ஆரம்பம். எல்லி ஆத்திரத்தில் அவனை அடித்ததைக் காட்டி அவனுடைய வாக்குமூலத்தையே செல்லாமல் ஆக்குகிறார்கள். இதையும் ஏற்கிறேன், போலீஸ்காரி கை ஓங்கினால் வழக்கு அடிவாங்கத்தானே செய்யும். ஆனால் அதற்குப் பிறகு? சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அதற்கு முன்பே கோர்ட்டுக்குள் உட்கார்ந்து விசாரணையைக் கேட்கிறார்கள். இங்கிலாந்து கோர்ட்டில் சாதாரணமாக அதற்கு விடமாட்டார்கள். போதாக்குறைக்கு, எல்லியோடு டேனி வழக்கை விசாரித்த இன்ஸ்பெக்டர் ஹார்டியின் பழைய சாண்ட்புரூக் வழக்கு வேறு. ஒரு முக்கிய சாட்சியை அவர் தனியாளாக ஒரு வீட்டில் ஒளித்துவைத்துக் காவல் காக்கிறார். ஒரு இன்ஸ்பெக்டர் இப்படிச் செய்ய முடியுமா? இரண்டு கதையும் முட்டிக்கொண்டு, எதிலும் மனசு ஒட்டவில்லை.

ஜோ விடுதலையானது என் வருத்தமில்லை. நிஜத்திலும் அப்படி நடக்கிறது. வலுவான எதிர்வாதத்தால் அவன் தப்பித்திருந்தால் என் நெஞ்சு இன்னும் பலமாக வலித்திருக்கும். நம்ம பக்கத்து ஆட்களை அடிக்கடி முட்டாள்களாக்கித்தான் அவனை வெளியே அனுப்பினார்கள். பெத்துக்குச் செய்த துரோகமாகவே அதைப் பார்க்கிறேன்.

2017-ல் மூன்றாவது சீசனைத் தயங்கித்தான் ஆரம்பித்தேன். பாலியல் வன்முறைக்கு ஆளான ட்ரிஷ், நடுத்தர வயதுப் பெண். முதல் எபிசோடில் எல்லி அவளிடம் ஒவ்வொன்றையும் விளக்கி, சம்மதம் கேட்டுத்தான் தடயம் எடுக்கிறாள். அவசரமே இல்லை. கேமராவும் அவளை வெறித்துப் பார்ப்பதில்லை. இவ்வளவு மரியாதையோடு இதைக் காட்டிய க்ரைம் சீரிஸை நான் அதிகம் பார்த்ததில்லை.

பிறகு மறுபடியும் பழைய பழக்கம். முன்னாள் கணவன், முதலாளி, டாக்ஸி டிரைவர், தோழியின் கணவன் என்று ஆளுக்கொரு எபிசோடாகச் சந்தேகம் தாவுகிறது. அதில் ட்ரிஷ் பின்னுக்குப் போய்விடுகிறாள். அந்த நேரத்தையெல்லாம் அவளுக்கே கொடுத்திருக்கலாம்.