வாடகை ரேட்டை நினைத்தபோது ஏற்ற முடியாது சார்

திரைகளுக்கு இறக்குமதி வரி கூடினால் வாடகையைக் கூட்டிக்கொண்டால் போச்சு என்று உங்கள் கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். பெங்களூரு அல்சூரில் மேடை, சவுண்ட், எல்இடி திரை வாடகைக்கு விடும் குடும்பம் எங்களுடையது. முகூர்த்த சீசனுக்கு மாதக்கணக்கில் முன்பே அட்வான்ஸ் வாங்கி ரேட் பேசிவிடுகிறோம். நடுவில் வரி ஏறினால் அந்த ரேட்டைத் தொடவே முடியாது.

2025 பட்ஜெட்டில் தொடுதிரைப் பேனல்களுக்கு அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதத்திலிருந்து 20 ஆனது. ஓப்பன் செல் (திரைக்குள் படம் காட்டும் பலகை) போன்ற பாகங்களுக்கு 5 ஆகக் குறைத்தார்கள். இங்கேயே தயாரிக்கட்டும் என்ற நோக்கம் நல்லதுதான். ஆனால் இறக்குமதியில் கட்டும் ஜிஎஸ்டியைப் பிறகு கழித்துக்கொள்ளலாம், சுங்க வரியைக் கழிக்க வழியே இல்லை. அது அப்படியே எங்கள் முதலீட்டுச் செலவில் ஏறிவிடும்.

மாட்யூல் என்னும் சிறு சதுரத் துண்டுகளை அடுக்கிச் சுவர்போல் கட்டும் எல்இடி வால் இன்னும் சிக்கல். பெரும்பாலும் சீனச் சரக்கு. ஒரு மாட்யூல் போனால் அதே பேட்ச்தான், அதாவது சேர்ந்து தயாரான அதே தொகுதிதான் வேண்டும். வேறு பேட்ச் மாட்டினால் மணப்பெண் முகத்தில் ஒரு சதுரம் மட்டும் வெளிறித் தெரியும். அதனால் திரை வாங்கும்போதே ஸ்பேரும் சேர்த்து எடுக்கிறோம். என்றைக்கோ தேவைப்படப்போகிற பெட்டிக்கும் இன்றைக்கே வரி!

ஜிஎஸ்டி பதிவு இல்லாத சின்ன ஆட்கள் கட்டிய ஜிஎஸ்டியைக் கழிக்கவும் முடியாது. அவர்கள் பழைய பேனலை வாங்கி ஒட்டுப்போட்டு ஓட்டுகிறார்கள். துணிப் பந்தலுக்குள் ஓடும் கரண்ட், நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஸ்பேர் பாகங்களுக்காவது வரியைக் குறைக்கச் சொல்லி எழுதுங்கள்.