சார்ஜரை விடுங்கள், கீசரைப் பாருங்கள்

மின்சாரச் சிக்கனம் என்றாலே "சார்ஜரைப் பிடுங்கி வையுங்கள்" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள். போன் மாட்டாத இன்றைய சார்ஜர் 0.2 வாட் அளவுக்குத்தான் இழுக்கும். வருஷம் முழுக்கச் செருகியே கிடந்தாலும் 2 யூனிட் தேறாது. டிவிக்குப் பக்கத்தில் 10 வாட் இழுத்தபடி கிடக்கும் செட்டாப் பாக்ஸ் வருஷத்துக்கு 87 யூனிட் தின்னும். ரிமோட்டில் அணைத்தாலும் பல மாடல்களில் பெரிதாகக் குறையாது, சுவிட்சில்தான் அணைக்க வேண்டும்.

பழைய சீலிங் ஃபேன் 75 வாட் என்றால், பிரஷ் இல்லாத மோட்டாரில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனிலேயே வருஷத்துக்கு ஏறக்குறைய 200 யூனிட் மிச்சம். ஆனால் பழைய ரெகுலேட்டரை எடுத்துவிட்டு நேரடியாக இணைக்கச் சொல்லுங்கள். அது நடுவில் இருந்தால் ஃபேனுக்குள் உள்ள சர்க்யூட் போர்டு கெட்டுப்போகலாம்.

இதெல்லாம் யூனிட் கணக்கு. எந்த நேரத்தில் எவ்வளவு இழுக்கிறோம் என்பது வேறு கணக்கு, அதைத்தான் யாரும் பேசுவதில்லை. மின்கட்டமைப்பில் உற்பத்தியும் செலவும் நொடிக்கு நொடி சமமாக இருக்க வேண்டும். மாலையில் சூரிய மின்சாரம் இறங்கும் அதே நேரத்தில் எல்லா வீட்டிலும் விளக்கு, அடுப்பு, ஏசி, மோட்டார் ஏறுகிறது. அந்தச் சில மணி நேரத்துக்காகவே செலவு அதிகமான நிலையங்களை ஓட்ட வேண்டியிருக்கிறது, டிரான்ஸ்பார்மரும் சூடாகிறது.

15 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவர 0.6 யூனிட் போதும். 2 கிலோவாட் கீசருக்கு அது இருபது நிமிஷ வேலை. மாலை ஏழு மணிக்குப் போடுவதை மதியம் மூன்று மணிக்குப் போட்டால் உங்கள் யூனிட் குறையாது, டேங்க் வழியே இழக்கும் சூட்டுக்குக் கொஞ்சம் கூடவே ஆகும். ஆனால் உச்ச நேரச் சுமையில் 2 கிலோவாட் கழிகிறது. டைமர் வாங்கினால் 16 ஆம்பியர் வாங்குங்கள். 230 வோல்ட்டில் இந்தக் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும், 6 ஆம்பியர் டைமர் சூடேறி உருகிவிடலாம். சிக்கனம் என்று டேங்கை 45 டிகிரியிலேயே வைத்திருக்காதீர்கள், நிமோனியா உண்டாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளரும் சூடு அது.

கரண்ட் போய் வரும்போது இன்னொரு சிக்கல். ஏசி, கீசர், ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். கரண்ட் போகும் முன் இருந்ததைவிடச் சுமை எகிறி, தெரு ஃபியூஸ் மறுபடி போகும். கரண்ட் போனதும் பெரிய சாதனங்களை அணைத்துவிட்டு, வந்து பத்து நிமிஷம் கழித்து ஒவ்வொன்றாகப் போடுங்கள்.

மற்றபடி, சாக்கெட்டில் செருகும் "பவர் சேவர்" டப்பாவுக்குக் காசு கொடுக்காதீர்கள். உள்ளே இருப்பது ஒரு கெப்பாசிட்டர், ஒரு எல்இடி. வீட்டு மீட்டர் கிலோவாட் மணியை, அதாவது யூனிட்டை, அளக்கும்வரை அதனால் பில்லில் ஒன்றும் குறையாது.

இத்தனையையும் ஞாபகம் வைத்துச் செய்யும் பாரத்தை வீட்டில் உள்ளவர்கள் தலையில் மட்டும் கட்டுவது நியாயமில்லை என்பது என் கட்சி. உச்ச நேரக் கட்டணத்தை ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வது எளிது. நியூசிலாந்தில் 1950களிலிருந்தே மின்கம்பி வழியாகவே சிக்னல் அனுப்பி, சுமை ஏறும் நேரத்தில் வீட்டு வாட்டர் ஹீட்டர்களை நிறுத்தி வைக்கிறார்கள். ரிப்பிள் கண்ட்ரோல் என்று பெயர். டேங்கில் வெந்நீர் இருப்பதால் வீட்டுக்காரருக்குப் பெரும்பாலும் தெரிவதுகூட இல்லை. கட்டணத்தை ஏற்றுவதற்கு முன் சிக்னல் வந்தால் ஹீட்டரை அணைக்கும் அப்படி ஒரு ரிலே சுவிட்சை மின்வாரியங்கள் தங்கள் செலவில் மாட்டித் தரட்டும்.