ஒரே குடை என்பது பாதிதான் சரி

"1960-களிலேயே வேளாண் ஆராய்ச்சி, கல்வி, விரிவாக்கம் மூன்றும் ஒரே குடையின்கீழ், மத்திய அரசின் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.ஏ.ஆர்.) கைக்குப் போய்விட்டன, மாநிலத்துக்கு வேலையே இல்லை" என்கிறீர்கள். அப்போது அதன்கீழ் போனவை கோவை கரும்பு இனப்பெருக்க நிறுவனம் போன்ற மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையங்கள். வேளாண்மை இன்றும் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில்தான் இருக்கிறது. அந்தப் பட்டியலின் 14-ஆம் இனத்தைப் படித்துப் பாருங்கள், வேளாண் கல்வியும் ஆராய்ச்சியும் அதிலேயே உண்டு. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் (1971) மாநிலப் பல்கலைக்கழகம்தான்.

சரி, விரிவாக்கம், அதாவது ஆராய்ச்சியில் கண்டதை உழவர்களிடம் கொண்டுசேர்க்கும் வேலை? அதில் ஐ.சி.ஏ.ஆரின் பங்கு முக்கியமாக கே.வி.கே.க்கள் எனும் வேளாண் அறிவியல் நிலையங்கள். முதலாவது 1974-இல் புதுச்சேரியில் வந்தது; அதைக்கூட ஆரம்பத்தில் நடத்தியது கோவைப் பல்கலைக்கழகமே. புகையான் பூச்சி அடித்த நெற்பயிரை வேரோடு பிடுங்கிக்கொண்டு போய் நிற்கிறோமே, அந்த வேளாண்மை விரிவாக்க மையம் மாநில வேளாண் துறையுடையது. அங்கே இருக்கும் உதவி வேளாண்மை அலுவலருக்குச் சம்பளம் டெல்லியிலிருந்து வருவதில்லை.