ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்று இன்னொரு முறை சொல்லாதீர்கள்

படுக்கையறை மூலையில் கறுப்புப் பூஞ்சை. அலமாரியை நகர்த்தினால் அதன் பின்னாலும் பூஞ்சை. ஜன்னல் சட்டத்தின் கீழ்விளிம்பில் தினமும் காலையில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. பிளீச் போட்டுத் தேய்த்தால் போகும், சில நாளில் அதே இடத்தில் மறுபடி வரும். அக்டோபரில் ஆரம்பித்தால் ஏப்ரல் வரை இதே வேலைதான். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். பூஞ்சையோடு போராடுவதைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். அதைப் பற்றி வாயைத் திறந்தால் இரண்டு பக்கமிருந்தும் வருகிற பேச்சைத்தான் சகிக்க முடியவில்லை.

முதல் பக்கம் ஊர். வீடியோ காலில் வாசலைக் காட்டினால் போதும். "செங்கல் வீடு, மேலே புகைபோக்கி, சினிமாவுல வர்ற மாதிரியே இருக்கேடி. இதுல போய்க் குறை சொல்றியே, உனக்கென்ன, லண்டன் வாழ்க்கை" என்கிறார் சித்தி. லீட்ஸ் லண்டன் இல்லை, இரண்டுக்கும் நடுவில் முந்நூறு கிலோமீட்டர் இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன். சித்தியின் மேல் கோபம் இல்லை. அவருக்கு யார் என்ன காட்டினார்கள்? யூடியூபில் நம்மவர்கள் போடும் இங்கிலாந்து வீடியோ எதை எடுத்தாலும் பைபரி கிராமம், அந்த ஆர்லிங்டன் ரோ வீட்டு வரிசை, ஓடையில் வாத்து. அந்த வரிசை ஒரு காலத்தில் நெசவாளர்கள் குடியிருந்த ஏழை வீடுகள். உள்ளே எவ்வளவு குளிர்ந்திருக்கும், எத்தனை பேர் நெருக்கிக்கொண்டு படுத்திருப்பார்கள் என்று எந்த வீடியோவிலும் ஒருவரும் யோசிப்பதில்லை. வெளியே நின்று படம் எடுத்துக்கொண்டு, அடுத்த இடத்துக்குப் பஸ் ஏறிவிடுகிறார்கள்.

இன்னொரு வகை ஊர்க்காரர்களும் உண்டு. சுடுதண்ணீருக்கு ஒரு குழாய், பச்சைத்தண்ணீருக்கு ஒரு குழாய் என்று தனித்தனியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, வெள்ளைக்காரனுக்கு வீடு கட்டவே தெரியாது என்பார்கள். அதுவும் தப்பு. இந்த வீடுகளைக் கட்டினவர்களுக்கு வேலை நன்றாகவே தெரிந்திருந்தது. அறைக்கு அறை நிலக்கரி அடுப்பு எரிந்த காலத்துக்காகக் கட்டினார்கள். அடுப்பு எரிந்தால் புகைபோக்கி வழியாகக் காற்று மேலே போகும், கதவிடுக்கு ஜன்னலிடுக்கு வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும், ஈரமும் அதோடு போய்விடும். 9 அங்குலச் செங்கல் சுவர், நடுவில் இடைவெளி கிடையாது. ஆனால் சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். பிறகு வந்தவர்கள்தான் கெடுத்தார்கள். 1952-இல் லண்டனைப் புகைமூட்டம் மூச்சுத் திணற வைத்தது, 1956-இல் தூய காற்றுச் சட்டம் வந்தது, நிலக்கரி போய் எரிவாயு ஹீட்டிங் வந்தது. எல்லாம் நல்லதுதான். ஆனால் அடுப்பு வாயைப் பலகை வைத்து அடைத்தார்கள், பழைய மர ஜன்னலை எடுத்துவிட்டுக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் ஜன்னல் வைத்தார்கள், சுவரில் சிமென்ட் பூசினார்கள். காற்று வெளியே போகும் வழியெல்லாம் அடைந்துவிட்டது. அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை. சுவருக்கு வெப்பக்காப்பு இல்லை. எங்கள் குளியலறையில் ஜன்னலே இல்லை. ஈரக்காற்றை வெளியே தள்ள ஒரு ஃபேன் இருக்கிறது, நாங்கள் குடிவந்த நாளிலிருந்து அது ஓடியதில்லை.

சரி, இரண்டாவது பக்கத்துக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

வீட்டு ஏஜென்டுக்கு மின்னஞ்சல் அனுப்பினால் ஒரு பிடிஎஃப் வருகிறது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். சமைக்கும்போது பாத்திரத்தை மூடுங்கள். துணியை வீட்டுக்குள் காயப்போடாதீர்கள். பார்வையிட வந்த பெண் சமையலறையில் இட்லிப் பானையைப் பார்த்துவிட்டு, "நீங்கள் ஆவியில் அதிகம் சமைக்கிறீர்களோ?" என்று கேட்டார். எங்கள் வாழ்க்கை முறைதான் பூஞ்சைக்குக் காரணம் என்று குறிப்பு எழுதிக்கொண்டு போனார்.

இந்த வீடு லீட்ஸில் இன்னும் நிறைய இருக்கிற பேக் டு பேக் வகை. முதுகோடு முதுகு ஒட்டி, பின்னால் இன்னொரு வீடு, இரண்டு பக்கமும் வேறு வீடுகள். ஜன்னல் எல்லாம் முன்சுவரில் மட்டும். ஆரோக்கியத்துக்குக் கேடு என்று 1909-இலேயே சட்டம் போட்டு இப்படிப் புதிதாகக் கட்டுவதைத் தடுத்தார்கள். ஏற்கெனவே அனுமதி வாங்கியிருந்தோம் என்று சொல்லி லீட்ஸில் 1937 வரை கட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒரே சுவரில் மட்டும் ஜன்னல் இருக்கிற வீட்டில் எந்த ஜன்னலைத் திறந்தால் காற்று உள்ளே வந்து மறுபக்கம் வெளியே போகும்? பின்கட்டு கிடையாது, கொல்லை கிடையாது. நவம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடுகிற ஊரில் பள்ளிச் சீருடையை எங்கே காயப்போடுவது? கோடையில் தெருவுக்குக் குறுக்கே கயிறு கட்டி எல்லோரும் துணி போடுவோம், அது இந்தத் தெருக்களின் பழைய வழக்கம். குளிர்காலத்தில் முடியாது.

வீட்டுக்குள் துணி காயப்போடுவது என்னவோ நாங்கள் விமானத்தில் கொண்டுவந்த பழக்கம் மாதிரிப் பேசுகிறார்கள். பக்கத்து வீட்டு ஆங்கிலேயப் பாட்டியம்மாவின் சமையலறையில் உத்தரத்தைப் பாருங்கள். கப்பி, கயிறு, நாலு நீள மரச்சட்டம். துணியைப் போட்டுக் கயிற்றை இழுத்தால் மேலே போய்த் தொங்கும். அவர் அம்மா காலத்தில் கீழே கரி அடுப்பு எரியுமாம், துணி ஒரே ராத்திரியில் மொறுமொறு என்று காய்ந்துவிடுமாம். யார்க்‌ஷயரிலும் லங்காஷயரிலும் ஆலைத் தொழிலாளி வீடுகளில் எல்லாம் இது இருந்தது. இது அசல் ஆங்கில வாழ்க்கை முறை. உருளைக்கிழங்கையும் முட்டைக்கோஸையும் மணிக்கணக்கில் வேகவைப்பதும் ஆங்கில வாழ்க்கை முறைதான். அந்த ஆவி சுவரில் படியாதா? இட்லி ஆவி மட்டும்தான் படியுமா?

இந்தக் குற்றச்சாட்டு ஒரு குழந்தையின் உயிரையே எடுத்திருக்கிறது. லீட்ஸிலிருந்து பென்னைன் மலையைத் தாண்டினால் ராச்டேல். அங்கே 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்தான். அவன் அப்பா 2017-லேயே வீட்டில் பூஞ்சை என்று புகார் சொல்லியிருந்தார். பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். வீட்டில் நீண்ட காலம் பூஞ்சையைச் சுவாசித்ததுதான் மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி சொன்னார். சூடானிலிருந்து வந்த குடும்பம் அது. அவர்களுடைய வாழ்க்கை முறையைப் பற்றித் தாங்களாகவே சிலவற்றை நினைத்துக்கொண்டோம் என்று வீட்டை வாடகைக்கு விட்ட நிறுவனம் பிறகு ஒப்புக்கொண்டது. நினைத்துக்கொண்டார்களாம்! வெளியே இருந்து வந்தவன் இப்படித்தான் குளிப்பான், இப்படித்தான் சமைப்பான் என்று மனதில் ஒரு படம் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்க்காமலே இருந்திருக்கிறார்கள். அந்தச் செய்தியைப் படித்த ராத்திரி என் பையன் இருமிக்கொண்டே தூங்கினான். நீல இன்ஹேலர் தலையணைக்குப் பக்கத்தில். எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்புறம் அலுவலகம். நல்ல மனிதர்கள், அன்பானவர்கள், யாரும் கெட்டது நினைத்துச் சொல்வதில்லை. ஆனால் குளிரைப் பற்றிச் சொன்னால் இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொள் என்கிறார்கள். "நாங்கள் சின்ன வயதில் ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் பனி உறைந்து கிடக்கும், அதையெல்லாம் தாங்கி வளர்ந்தோம்" என்கிறார்கள். அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை. குளிர்ந்த வீட்டைப் பொறுத்துக்கொள்வது தங்கள் இனத்தின் குணம் என்று உண்மையாகவே நம்புகிறார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாவும் அப்படித்தான். ஹீட்டிங் போட்டால் மீட்டர் காசைத் தின்றுவிடும் என்று, மின்கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒரே அறையில் குளிர்காலம் முழுவதும் இருக்கிறார். கேட்டால், எனக்குப் பழகிவிட்டது கண்ணே என்கிறார். வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரி வெப்பம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர் அறையில் கையுறை போட்டுக்கொண்டு தேநீர் குடிக்க வேண்டியிருக்கிறது. இது பொறுமை இல்லை. அவரை ஏமாற்றியிருக்கிறார்கள். வீட்டுக்காரன் செலவழிக்க வேண்டிய காசை, அவர் உடம்பு தாங்குகிறது.

ஊரில் இருப்பவர்களுக்கு இது அழகான செங்கல் வீடு. ஏஜென்டுக்கு நான் தப்பான சமையல் செய்கிறவள். அலுவலகத்துக்கு நான் குளிர் தாங்கத் தெரியாதவள். சுவர் ஈரமாக இருக்கிறது என்பதை மட்டும் ஒருவரும் காதில் வாங்குவதில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. அவாப் பெயரிலேயே விதி வந்து, 2025 அக்டோபர் 27 முதல் சமூக வீட்டுவசதி வீடுகளுக்கு, அதாவது உள்ளாட்சிக் கவுன்சிலும் வீட்டுவசதிச் சங்கங்களும் குறைந்த வாடகைக்கு விடும் வீடுகளுக்கு, நடைமுறையில் இருக்கிறது. உயிருக்கு ஆபத்தான அவசரக் கோளாறு என்றால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். கடுமையான ஈரமும் பூஞ்சையும் என்றால் 10 வேலை நாளுக்குள் ஆராய வேண்டும். எங்களைப் போல் தனியார் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு அதைப் பிறகு நீட்டிப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். பிறகு என்றால் எந்தக் குளிர்காலம்? எங்களுக்கும் 2018-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது, குடியிருக்கத் தகுதியில்லாத வீட்டை வாடகைக்கு விட்டால் நீதிமன்றத்துக்குப் போகலாம். ஆனால் இத்தனை காலம் யார் துணிந்து போனார்கள்? காரணமே சொல்லாமல் காலி செய்யச் சொல்ல வீட்டுக்காரரை அனுமதித்த, வேறொரு சட்டத்தின் 21-ஆம் பிரிவு தலைக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. புகார் செய்தால் அடுத்த மாதம் நோட்டீஸ் வந்துவிடுமோ என்று பயந்தே எத்தனையோ பேர் சுவருக்கு வெள்ளை பெயின்ட் அடித்துக்கொண்டார்கள். என் தோழி வீட்டிலும் அதுதான் நடந்தது. 2026 மே 1 முதல் அந்தப் பிரிவு இல்லை.

ஆகவே ஏஜென்டுக்கு ஒன்று. இனி அந்த பிடிஎஃப் எனக்கு வேண்டாம். ஓடாத ஃபேனை மாற்றுங்கள், சுவரின் ஈரத்தை அளந்து எழுத்தில் கொடுங்கள். படங்கள் தேதியோடு இருக்கின்றன, டாக்டர் கடிதம் இருக்கிறது, இட்லிப் பானையைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பும் இருக்கிறது. அடுத்த மின்னஞ்சலிலும் ஜன்னலைத் திற என்றுதான் வரும் என்றால், என் பதிலோடு இது எல்லாம் சேர்ந்து கவுன்சிலின் சுற்றுச்சூழல் சுகாதாரப் பிரிவுக்குப் போகும். பாட்டியம்மாவின் புகாரையும் கூடவே எழுதிக் கொடுக்கிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன், யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.